சமைத்த பிறகு ஆள் குறைந்தால்

மார்ச் 4

தம்பிக்கு,

நேற்று எங்கள் சாப்பாட்டு மேஜையில் இருந்தவர்கள்: சுவர்ப் பக்கம் மேல் வீட்டுப் பல் டாக்டர். அவருக்கு எதிரே நான். நடுவராக, மேஜையின் தலைப்பக்கத்தில், உன் அண்ணன் மகள் வாலு. ஜன்னல் பக்கம் உன் அண்ணன். பூனை ஆடவில்லை, ஆனால் ஒரு பகடையை மேஜைக்கு அடியில் தட்டிவிட்டது, அதனால் அதையும் சேர்த்துக்கொள். வேறு ஈ காக்கை இல்லை.

டாக்டர் உனக்குப் புகார் எழுதிவிட்டதாக மாடிப்படியில் அவரே பெருமையாகச் சொன்னார். ஒரு பக்கம் கேட்டுத் தீர்ப்புச் சொல்லாதே என்பதற்காகத்தான் விளக்கேற்றிப் பிரார்த்தனை முடிந்த கையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன் பகடை ஆட்டத்தின் விதிப் புத்தகத்தைப் பொய்யான உலகங்களுக்காக எழுதினாய். பறக்கும் கப்பல், மலை ஏறும் இரும்புப் பூரான். முதலில் வண்டியின் அடிச்சட்டம், பிறகு சக்கரமோ இறக்கையோ, பிறகு இயந்திரம், கவசம், ஆயுதம். ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு பாரம், இவ்வளவு இடம். கூட்டினால் வண்டி எவ்வளவு தூரம் போகும், எத்தனை அடி தாங்கும் என்று தெரிந்துவிடும். அருமையான கணக்கு, குறை சொல்லவில்லை. அதே விதியை வைத்துப் பழைய காலத்துத் தேர், துடுப்புக் கப்பல், கல்லெறி கவண், மதிலில் சாய்க்கும் சக்கரக் கோபுரம் எல்லாம் கட்ட முடியுமா பாருங்கள் அண்ணி, புத்தகத்தின் கடைசிப் பகுதியாகப் போடலாம் என்று கேட்டவனும் நீதான். நூலகத்துப் புத்தகங்களை வைத்துக்கொண்டு நானே தட்டுத் தடுமாறிக் கட்டினேன். இயந்திரம் என்ற கட்டத்தில் காளை போட்டேன். அதற்கு அடுத்த கட்டம் எரிபொருள். உன் குறிப்பு என்ன சொல்கிறது? "பழைய வண்டிகளுக்கு எரிபொருள் கிடையாது, கோடு போட்டுவிடவும்."

ஏன் தம்பி, மாடு காற்றைக் குடித்துவிட்டா இழுக்கும்?

நான் கோடு போடவில்லை. அந்தக் கட்டத்தில் தீனி என்று எழுதினேன். தீனி என்றால் மாட்டுக்கும் மனுஷனுக்கும். தீனி இருந்தால் பாரம், பாரம் இருந்தால் இன்னொரு வண்டி, வண்டி இருந்தால் அதை இழுக்கக் காளை, அந்தக் காளைக்கும் தீனி. கடைசியில் ஒரு அடுப்பு வண்டி. இதெல்லாம் ஆட்டம் தொடங்கும் முன்பே வாலு சத்தமாகப் படித்தாள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதி. டாக்டர் "ஓகே ஓகே, அடுப்பு தானே" என்று சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அவர் கோட்டையை முற்றுகையிட வந்தவர். நான் கோட்டையைக் காப்பாற்ற வெளியிலிருந்து வந்த படை. அவருடைய கோபுரங்களுக்கு மூன்று அடுக்குக் கவசம். தீனிக்கு வைத்த இடம், பல்லிடுக்கில் சிக்குகிற அளவு. ஆட்டக் கணக்கில் மூன்றாம் நாளே காளைகள் படுத்துவிட்டன. என் பக்கமும் சேதம்தான். மத்தியானச் சண்டையில் கால்வாசிப் பேர் விழுந்தார்கள். வாலு அழிப்பானை எடுத்துக்கொண்டு, "அம்மா, செத்தவங்க தீனியக் கழிச்சிடவா?" என்றாள். "காலைலயே சமைச்சாச்சுடி. சமைச்ச பிறகு ஆள் குறைஞ்சா சாப்பாடு குறையுமா?" என்றேன். "அப்ப அத என்ன பண்ணப் போற?" "எதிர்ல பசிச்சுக் கெடக்கறாங்களே, அவங்களுக்குப் போடு."

அவருடைய வீரர்களின் விசுவாசத்துக்குப் பகடை உருட்டினாள். இரண்டு கோபுரத்து ஆட்கள் இறங்கி என் பக்கம் வந்துவிட்டார்கள். கோட்டை பிழைத்தது. டாக்டர் எழுந்து நின்று, "இது யுத்தமா, பந்தியா?" என்று கேட்டார்.

நடந்தது இவ்வளவுதான். பகடைக்காக நான் ஆண்டவனைக் கூப்பிடுவதில்லை. அவருக்கு வேறு வேலை இருக்கிறது. நியாயமாக விழுந்தது. தீர்ப்பை நீயும் நியாயமாகச் சொல்.

அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

டாக்டர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அதில் ஒரு பக்கம் முழுக்க உங்கள் அடுப்பு வண்டி. பல் பிடுங்குகிறவர் அழுது நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆனால் அவர் ஒன்றை எழுதவில்லை. அண்ணன் மேஜையில் இருந்தாரா? உட்கார்ந்தா? கடைசியாக நான் அந்த மேஜையில் புத்தகத்தைப் பிரித்தபோது என்ன ஆனது என்று உங்களுக்கு நினைவிருக்கும். "மீசை வந்த பிள்ளைக்குப் பொம்மைக் கப்பல்" என்று சொல்லிப் பகடைகளை அள்ளி எச்சில் தட்டில் போட்டார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். அதன் பிறகு அந்த வீட்டுக்கு எனக்கு வழி தெரியவில்லை, வீட்டுக்கும் என்னைத் தெரியவில்லை. போனில் கேட்டால் அவர் எடுத்துவிடுவார், அதனால்தான் தபால். அவர் ஏன் உட்கார்ந்தார் என்று எழுதுங்கள்.

இனி தீர்ப்பு. கோபிக்கக் கூடாது.

உங்கள் வண்டிகள் எல்லாம் தங்கம். ஓவியர் வரைய ஆரம்பித்துவிட்டார். ஆனால் தீனி விதியை எடுத்துவிடுகிறேன். இது சண்டை ஆட்டம் அண்ணி. கோபுரம் மதிலைத் தொடுகிற அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஜனங்கள் உட்காருகிறார்கள். பாதி வழியில் காளை படுத்துக்கொண்டால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அதோடு, செத்தவர்கள் கணக்கு நேரான பிழை. செத்தவர்கள் சாப்பிட மாட்டார்கள். கட்டத்தில் பழையபடி கோடு போடுகிறேன். அடுத்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது.

வாலுவுக்கு முத்தம். பூனைக்கு எச்சரிக்கை.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

கோபிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கோபம் வருகிற மாதிரியே எழுத உன்னால்தான் முடியும்.

முதலில் உன் அண்ணன் விஷயம். நான் போன மழைக்காலத்தில் மேஜையில் தேர் ஒன்றை வரைந்துகொண்டிருந்தேன். பட்டறையிலிருந்து வந்தார், கை கழுவினார், என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இது என்னடி?" தேர் என்றேன். "இந்த அச்சு திரும்புற எடத்துல முறிஞ்சிடும்." விதிப்படி சரியாக இருக்கிறதே என்றேன். "விதி முறியாது, அச்சுதான் முறியும்" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். பறக்கும் கப்பல் என்றால் இன்றைக்கும் எழுந்து போய்விடுவார். வண்டி என்றால் அச்சைத் தொட்டுப் பார்க்காமல் அந்த மனுஷனால் இருக்க முடியாது. இப்போது என் வண்டிகளின் சக்கரம், அச்சு எல்லாம் அவர் சொன்ன அளவு. உன் பேரைச் சொல்வதில்லை. "அவன் புத்தகத்த எடு" என்பார். எந்த அவன் என்று நாங்களும் கேட்பதில்லை.

நாங்கள் உருட்டுவது நீ விட்டுப்போன பகடைகள்தான். அன்றைக்கே தட்டிலிருந்து எடுத்துக் கழுவி வைத்தேன்.

இப்போது உன் தீர்ப்புக்கு வருகிறேன். ஏற்க மாட்டேன்.

செத்தவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியுமப்பா. நான் அவர்களுக்கு ஊட்டவில்லை. நான் கட்டத்தில் எண்ணியது சாப்பிட்டதை இல்லை, சமைத்ததை. இரண்டும் ஒன்று என்று நினைக்கிறவன் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காதவன். காலையில் இத்தனை வாய் என்று எண்ணி உலை வைக்கிறோம். சாயங்காலம் எத்தனை வாய் திரும்பி வரும் என்று யாருக்குத் தெரியும்? வராதவன் பங்கு பாத்திரத்தில் இருக்கும். அது பிழை இல்லை. அதுதான் யுத்தம். மதிலைத் தொடுகிற நிமிஷம் மட்டும்தான் உன் ஆட்டம் என்றால் கோபுரத்துக்கு எதற்குச் சக்கரம்? நேரே மதிலடியில் கொண்டுபோய் நிறுத்திக்கொள்.

சுருக்கமாகச் சொல்கிறேன். தீனி இல்லையென்றால் என் வண்டிகளும் இல்லை. தேர், கவண், கோபுரம், கப்பல், ஒன்று விடாமல் எடுத்துவிடு. ஓவியர் வரைந்தது வீணாகுமே என்றால், தீனியோடு போடு. அரையும் குறையுமாகப் போட்டால் அதில் எனக்குப் பங்கு இல்லை.

அண்ணி


மார்ச் 26

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபத்தில்தான். உங்கள் கணக்கில் ஒரு ஓட்டையாவது இருக்காதா என்று உட்கார்ந்து தேடினேன். இருந்தது. கையைத் தட்டிச் சிரித்தேன், பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.

மாட்டுக்குத் தீனி போட்டீர்கள். தண்ணீர் எங்கே? தண்ணீரின் பாரத்தைப் போட்டுப் பாருங்கள். காளை தனக்கு வேண்டிய தண்ணீரையும் தானே இழுத்தால், சில நாள் பயணத்திலேயே வண்டியில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் ஏறாது. கவண் இல்லை, கவசம் இல்லை, உங்கள் அடுப்பும் இல்லை. தண்ணீரை இழுப்பதற்காகவே தண்ணீர் குடிக்கிற மாடுகள்! உங்கள் விதியை நேர்மையாகப் போட்டால் சரித்திரத்தில் எந்தப் படையும் எங்கேயும் போயிருக்க முடியாது. ஆனால் போயிருக்கின்றன. ஆகவே விதி தப்பு.

பதில் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுவீர்கள் என்றும் தெரியும்.

அண்ணன் என் பேரைச் சொல்லாவிட்டால் போகட்டும். அச்சு முறியும் என்பது சரிதான். அந்தப் பக்கத்தைத் திருத்திவிட்டேன். அவரிடம் சொல்ல வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

தண்ணீர் விட்டுப்போனது என் தப்பு. குழாயைத் திறந்தால் வருகிறது என்பதால் பாரம் என்று தோன்றவில்லை. நீ காட்டினாய், ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

உன் கடிதத்தை மேஜையில் சத்தமாகப் படித்தேன். டாக்டர் துள்ளிக் குதித்தார். "பாத்தீங்களா, தண்ணி காட்டிட்டாரு!" உன் அண்ணன் பென்சிலை எடுத்துக்கொண்டு வெகு நேரம் கூட்டினார், கழித்தார். பிறகு, "அவன் சொல்றது சரி" என்றார். தம்பி, நான் கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்த வாக்கியத்தை அந்த வாயிலிருந்து கேட்டதில்லை. வாலு தேதி குறித்துவைத்தாள்.

ஆனால் அதோடு நிறுத்தவில்லை. வாலுவிடம் பாட வரைபடப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். என் நூலகப் புத்தகத்தில் இருந்த படைகளின் பாதைகளை ஒவ்வொன்றாக அதில் விரலால் ஓட்டிப் பார்த்தார். எல்லாம் எதை ஒட்டிப் போகிறது? ஆற்றை! ஆறு வளைந்தால் படையும் வளைகிறது. குறுக்கு வழி இருந்தும் போகவில்லை. ஆக, உன் ஓட்டையில்தான் என் விதிக்குக் கதவு இருக்கிறது. புதுச் சேர்க்கை எழுதிக்கொள்: ஆற்றங்கரையில் போகும் வண்டிக்குத் தண்ணீர்ப் பாரம் கிடையாது, ஆற்றை விட்டு விலகினால் முழுப் பாரம். இனிமேல் வரைபடத்தில் ஆற்றைப் பிடித்தவன்தான் ராஜா. உன் ஆட்டத்துக்கு இதைவிட நல்ல சண்டை வேண்டுமா? "ஆகவே விதி தப்பு" என்றாயே, அந்த வரியை மட்டும் கிழித்து அனுப்பிவை, அடுப்புப் பற்றவைக்க ஆகும்.

இன்னொன்று. பிரார்த்தனைக் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்காரும் தையற்காரம்மா என் பையிலிருந்து கவண் படம் நழுவி விழுந்ததைப் பார்த்துவிட்டாள். "ஆண்டவனைக் கும்பிடற கையால ஆளக் கொல்ற சாமானா வரையற?" என்றாள். எல்லோர் காதிலும் விழுந்தது. முன்பு என்றால் கூனிக் குறுகியிருப்பேன். "ஆமா, வரையறேன். மேல போய் அவர் கேட்டா சொல்லிக்கறேன். என் படையில எவனும் பசியோட சாகல. எதிர்ப்படைக்காரனும் சாகல" என்றேன். அவள் அடுத்த பாட்டை உச்ச ஸ்தாயியில் ஆரம்பித்தாள். நான் அதைவிட உச்சத்தில் பாடினேன்.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டு கட்டின விதி இது. உன் ஒரு கோட்டுக்காக விட்டுத் தருவேனா?

அண்ணி


ஏப்ரல் 12

அண்ணிக்கு,

சரி. ஒன்று செய்தேன், சொல்கிறேன்.

இங்கே என்னோடு ஆடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் மின்தூக்கி பழுது பார்ப்பவர், ஒருவர் வங்கியில் இருக்கிறார். யாருடைய விதி என்று சொல்லாமல் உங்கள் தீனி, ஆறு எல்லாம் சேர்த்து ஒரு முற்றுகை ஆடினோம். முதல் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் என்னைத் திட்டினார்கள். "நான் சண்டைக்கு வந்தேனா, மளிகைக்கு வந்தேனா?" என்றார் வங்கிக்காரர்.

பிறகு என் வில்லாளிகள் அவருடைய அடுப்பு வண்டியைக் குறி வைத்தார்கள். அண்ணி, அந்த மனுஷன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கவசக் கோபுரத்தை மதிலிலிருந்து திருப்பிக் கொண்டுவந்து அடுப்பு வண்டிக்கு முன்னால் நிறுத்தினார். "சமையல்காரர் செத்தா எல்லாரும் செத்தோம்!" என்று கத்துகிறார். எழுதின விதியில் சமையல்காரருக்குப் பேரே கிடையாது. அவர்களே பேர் வைத்தார்கள், அவருக்கு முழங்கால் வலி என்று ஒரு நோயும் கொடுத்தார்கள். மதில் விழவில்லை. யாருக்கும் அது ஞாபகமே இல்லை.

ஆகவே இறங்கி வருகிறேன். தீனி விதி புத்தகத்தில் இருக்கும். கடைசிப் பக்கத்தில், "விருப்ப விதிகள்" என்ற தலைப்பில். வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், வேண்டாதவர்கள் கோடு போட்டுக்கொள்ளட்டும். டாக்டருக்கும் நிம்மதி. நியாயம்தானே? சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.

அந்த வரைபட வேலையை அண்ணன் தானாகவே செய்தாரா, நீங்கள் சொல்லிச் செய்தாரா?

தம்பி


ஏப்ரல் 18

தம்பிக்கு,

நேற்று மேஜையில் இருந்தவர்கள்: டாக்டர், வாலு, உன் அண்ணன், நான். பூனையை அறையில் வைத்துப் பூட்டிவிட்டோம். சாட்சி பலமாக இருக்கட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன். அத்தனை பேர் முன்னாலும் உன் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு, சம்மதம் இல்லை என்று சொன்னேன்.

விருப்ப விதியா? பசி என்ன விருப்பமா? "இன்றைக்கு எனக்குப் பசி வேண்டாம், கோடு போட்டுவிடுங்கள்" என்று எந்த மாடாவது சொல்லியிருக்கிறதா? சக்கரம் விருப்ப விதி இல்லை. கவசம் இல்லை, கவணும் இல்லை. கொல்கிற சாமான் எல்லாம் முதல் பக்கத்தில் கட்டாயம், சோறு மட்டும் கடைசிப் பக்கத்தில் விருப்பமா? என்னைச் சமையற்கட்டுப் பக்கமாக உட்கார வைக்கிறாய். எனக்கு அந்த இடம் புதிது இல்லை. ஆனால் இந்த முறை நான் எழுந்து வந்து மேஜையில் உட்கார்ந்துவிட்டேன், திரும்பிப் போகமாட்டேன்.

டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "விருப்ப விதின்னா நான் கோடுதான் போடுவேன். ஜெயிக்கவும் ஜெயிப்பேன். ஆனா..." என்று நிறுத்திவிட்டார். என்ன ஆனா என்று வாலு விடாமல் குடைந்தாள். "ஆனா அந்த ரெண்டு கோபுரத்து ஆளுங்க எறங்கி நடந்து போனாங்கல்ல. அப்படி ஒண்ணு அப்புறம் எப்பவும் நடக்காது" என்றார். புகார் எழுதினவரே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது. எழுதிக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில்: வரைபடத்தை உன் அண்ணன் தானாகத்தான் எடுத்தார். நான் சொல்லவில்லை. நான் சொன்னால் செய்கிறவரா அவர்? இன்னொன்றும் தானாகவே செய்திருக்கிறார். பட்டறையில் மிச்சம் இருந்த பித்தளையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு அடுப்பு வண்டி கடைந்து கொண்டுவந்து மேஜையில் வைத்தார். சக்கரம் உருளுகிறது, அச்சு முறியாது. நேற்று இன்னொன்று கொண்டுவந்தார். அதே அளவு, அதே வேலை. "இது எதுக்கு, என்கிட்டதான் ஒண்ணு இருக்கே?" என்றேன். "எதிர்ல உக்கார்றவனுக்கும் அடுப்பு வேணாமா?" என்றார். டாக்டர் ஆசையாகக் கையை நீட்டினார். உன் அண்ணன் அதை நகர்த்தி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டார். "உங்களுக்கு இல்ல டாக்டர்."

வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். அந்தப் பித்தளைதான் சொல்லும், உனக்குக் காது இருந்தால்.

ஆகவே என் கடைசிப் பேச்சு இது. புத்தகம் அச்சுக்குப் போகும் முன் ஒரு ஞாயிறு மிச்சம் இருக்கிறது. வா. நீ முற்றுகை போடு, நான் கோட்டைக்குள் இருக்கிறேன். உன் வண்டிகளுக்கு உன் விதி, கட்டத்தில் கோடு. என் பக்கம் என் விதி. உன் கோபுரம் என் மதிலைத் தொட்டு, தொட்ட பிறகும் இது யுத்தம் மாதிரிதான் இருக்கிறது என்று உன் மனசாட்சி சொன்னால், தீனியை நானே அழித்துவிடுகிறேன், கடைசிப் பக்கத்தில்கூட வேண்டாம். சொல்லாவிட்டால் அது முதல் பக்கத்தில், சக்கரத்துக்குப் பக்கத்தில், கட்டாயமாக. நடுவர் வாலு. பகடை நீ விட்டுப்போனது. நான் தோற்றாலும் அழமாட்டேன், ஜெயித்தால் கண்டிப்பாகக் குத்திக்காட்டுவேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் ஆட்டம். போன முறை பாதியில் எழுந்தாயே, அந்தப் பங்கை அன்றைக்கு நான்தான் பாத்திரத்திலிருந்து எடுத்து வைத்தேன். மறுபடி எடுத்து வைக்க என்னால் ஆகாது. வருகிறேன் என்றால் உன் வாயையும் எண்ணி உலை வைப்பேன், வரமாட்டேன் என்றால் எண்ணமாட்டேன். இரண்டில் ஒன்றைச் சொல். சொல்லிவிட்டு வராமல் மட்டும் இருந்துவிடாதே. சமைத்த பிறகு ஆள் குறைந்தால் சாப்பாடு குறையாது.

சீக்கிரம் பதில் போடு.

அண்ணி